பிள்ளை பார்ப்பவளுக்கும் ஒரு பங்கு

ரேஷன் கடை வரிசையில்தான் அது ஆரம்பித்தது.

மலர்க்கொடி, ஒன்றரை வயது மகள் பரிதியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணே, பாமாயில் வந்துருச்சா, இல்ல நாளைக்கு வான்னு சொல்லப் போறீங்களா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். நாலு ஆளுக்கு முன்னால் நின்ற ஒருவர் சட்டென்று திரும்பினார். அவள் முன்பின் பார்த்திராத முகம்.

"ஏம்மா, நீ மிஷின் ஆபீஸ் பொண்ணுதான?"

"ஆமா... நீங்க யாருன்னு தெரியலையே?"

"எப்படித் தெரியும்? நாம பாத்ததே இல்லயே. ரெண்டு வருசத்துக்கு முந்தி, மழ வர்றதுக்குள்ள அறுக்கணும்னு ஒங்கிட்ட போன்ல கெஞ்சுனேன். 'அழுவாதீங்க ஐயா, மூணு மணிக்கு மிஷின் வரும்'னு சொன்ன. சொன்ன மாதிரி வந்துச்சு. அந்தக் குரலு இது." அவர் பக்கத்தில் நின்றவரிடமும் பெருமையாகச் சொன்னார். "இப்ப போன் பண்ணுனா யார் யாரோ எடுக்குறாங்கம்மா. ஆளுக்கு ஒரு தேதி சொல்றாங்க. நீ ஏன் போவுறதில்ல?"

அவள் இடுப்பில் இருந்த காரணத்தைக் காட்டினாள். காரணம் அவர் தோள் துண்டைப் பிடித்து இழுத்தது.

வீடு வரும்வரை மலர்க்கொடிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாமாயில் வந்திருக்கவில்லை என்பதுகூட மறந்துவிட்டது. ஒன்றரை வருடமாக அவள் பரிதி அம்மா, தமிழ்மாறன் பொண்டாட்டி, அம்சம் மருமவ. இன்றைக்கு ஒரு மனுஷன் அவள் முகத்தைப் பார்க்காமலே அவள் யார் என்று சொல்லிவிட்டார்.

மலர்க்கொடி பிறந்தது வேதாரண்யத்துக்கு மேற்கே, உப்புக்காற்று வயல் வரைக்கும் எட்டிப் பார்க்கிற ஒரு ஊரில். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்துதான் அவளை பி.காம். வரைக்கும் படிக்க வைத்தார்கள். குத்தாலம் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தமிழ்மாறன் ஐ.டி.ஐ. முடித்தவன், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கல்யாணமான இரண்டாம் மாதமே விமானம் ஏறிவிட்டான். புருஷன் இல்லாத வீட்டில் புதுப்பெண் என்ன செய்வாள்? டிவி பார்த்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், மறுபடி டிவி பார்த்தாள். ஒருநாள் குத்தாலம் கடைத்தெருவில் 'ஆள் தேவை' என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து உள்ளே நுழைந்தாள்.

அது அஹமது கபீரின் மிஷின் ஆபீஸ். கபீர் பாய்க்குச் சொந்தமாக இரண்டு அறுவடை மிஷின், இரண்டு நடவு மிஷின். சீசனில் சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து இன்னும் பத்து, பன்னிரண்டு அறுவடை மிஷின் வந்து இறங்கும். எந்த மிஷினை எந்த ஊருக்கு, எந்த வயலுக்கு, எந்த நேரத்துக்கு அனுப்புவது என்பதுதான் வேலை. கேட்டால் சுலபம். ஆனால் டெல்டாவில் வயலுக்குப் பாதை என்பது பாதி நேரம் அடுத்தவன் வயல்தான். முன்வயல்காரர் அறுத்தால்தான் பின்வயலுக்கு மிஷின் போக முடியும். முன்வயல்காரருக்கும் பின்வயல்காரருக்கும் மூன்று தலைமுறையாக வரப்புத் தகராறு இருக்கும். மலர்க்கொடி இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு, ஒருவரிடம் மழை வரும் என்று பயமுறுத்தி, இன்னொருவரிடம் நீங்கதான் பெரிய மனசு பண்ணணும் என்று ஐஸ் வைத்து, ஒரே மிஷினில் இரண்டு வயலையும் முடித்துவிடுவாள். ஆத்தூர் டிரைவர்கள் முதலில் அவளை மேடம் என்றார்கள், பிறகு தங்கச்சி என்றார்கள், கடைசியில் அவள் நம்பரைப் பார்த்தாலே டீயைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்கள்.

ரேஷன் கடையில் அந்தப் பேச்சு நடந்து மூன்றாம் நாள் கபீர் பாயே போன் செய்தார்.

"மலர்ம்மா, நல்லா இருக்கியா? புள்ள எப்படி?"

"நல்லா இருக்கா பாய். நீங்க எப்படி இருக்கீங்க?"

"எங்கம்மா நல்லா இருக்குறது. புரட்டாசி பொறந்தாச்சு. ஒரு பக்கம் குறுவ அறுப்பு, இன்னொரு பக்கம் தாளடி நடவு. ரெண்டு போனும் சேந்து அடிக்குது. நேத்து அறுப்பு மிஷின நடவு வயலுக்கு அனுப்பிட்டாங்க. வயல்காரர் என்னயக் கூப்புட்டு, 'பாய், நான் இன்னும் நடவே இல்ல, எத அறுக்கச் சொல்றீங்க'ங்குறார்." பாய் பெருமூச்சு விட்டார். "நீ வர்றதா இருந்தா திங்கக்கெழமலேந்து வா. அதே சம்பளம், ஐநூறு கூடப் போட்டுத் தர்றேன். வரலன்னா மறைக்காம சொல்லிடு, வேற ஆள் பாக்கணும். கோவிச்சுக்காத."

"ஒரு ரெண்டு நாள் டைம் குடுங்க பாய்."

"சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

அன்று வீட்டில் அடுப்பைவிடக் கணக்குதான் அதிகம் கொதித்தது. பால்வாடியில் இரண்டு வயது முடிந்தால்தான் சேர்ப்பார்கள். சேர்த்தாலும் சாயங்காலம் வரைக்கும் இருக்காது. மாமியார் அம்சம் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளலாமே என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்கலாம். ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள், அம்சத்தை எல்லாருக்கும் தெரியும். பதினெட்டுப் பெண்கள் கொண்ட நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, ஆள் சேர்த்து, விடியற்காலையில் குட்டியானை வண்டியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய் நட்டுவிட்டு வருகிறவள். ஐம்பத்தொரு வயதில் இன்னும் அவள் நடுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க, பக்கத்துப் பத்தியில் நடுகிறவள் திணற வேண்டும்.

"நான் வீட்டுல ஒக்காந்தா செட்டு செதறிடும்டி. அப்புறம் ஒம் பாய் கடை மிஷின்தான் ஊரெல்லாம் நடும். நீ அங்கேருந்து மிஷின அனுப்பு, நாங்க இங்க ஒக்காந்து ஈ ஓட்டுறோம்," என்றாள் அம்சம், கீரையை ஆய்ந்துகொண்டே.

"மிஷின் மூலையில நடாது அத்த. மூலைக்கெல்லாம் நீங்கதான் வரணும்."

"ஆமா, நடுவீடு மிஷினுக்கு, மூல எனக்கு. நல்லா இருக்கு ஞாயம்."

மலர்க்கொடி கணக்கைப் போட்டுப் பார்த்தாள். சீசனில் அம்சத்தின் ஒருநாள் பங்கு எழுநூறு ரூபாய் வரைக்கும் வரும். அவள் வேலைக்குப் போகாமல் பிள்ளை பார்த்தால், குத்தாலம் வட்டாரத்திலேயே விலை கூடின காப்பகம் அதுதான்.

"நான் பாத்துக்குறேனே," என்றார் மாமனார் சாமிதுரை, மாட்டுக் கொட்டகையிலிருந்து.

போன மாதம் அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் எல்லாருக்கும் நினைவிருந்தது. பேத்தி நாற்றங்காலுக்குள் உட்கார்ந்து நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருக்க, தாத்தா கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அவ நாத்துப் பறிக்கப் பழகுறான்னு விட்டுட்டேன்," என்று தானாகவே சொல்லிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மறுநாள் மலர்க்கொடி பரிதியைத் தூக்கிக்கொண்டு குத்தாலத்துக்குப் போனாள். மிஷின் ஆபீசுக்குப் பின் தெருவில் இர்ஃபானா என்ற பெண் தன் வீட்டு முன்ஹாலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூட டீச்சர், பேங்க்கில் வேலை செய்கிறவள், மெடிக்கல் ஷாப்காரி என்று ஏழெட்டுத் தாய்மார்கள் அங்கே விட்டுப் போகிறார்கள். கதவைத் திறந்ததும் வேகவைத்த உருளைக்கிழங்கு மணமும் பவுடர் மணமும் சேர்ந்து வந்தன. ஒரு பையன் குக்கர் மூடியை ஸ்டியரிங்காக வைத்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"காலைல எட்டுலேந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். ஆறு அஞ்சுக்கு வந்தா நான் திட்டுவேன், இப்பவே சொல்லிடுறேன்," என்றாள் இர்ஃபானா. "மாசம் அஞ்சாயிரம். பால், டயபர் நீங்க குடுத்துரணும். காய்ச்சல்னா கொண்டு வரக்கூடாது. ஒண்ணுக்கு வந்தா எட்டுக்கும் வந்துரும்."

"அழுதா என்ன பண்ணுவீங்க?"

"தூக்குவேன். ரெண்டு பேரு சேந்து அழுதா ரெண்டு இடுப்பு இருக்கு. மூணு பேரு அழுதா எங்க வீட்டுக்காரரக் கூப்புடுவேன். அவரு வந்து நின்னாலே பயந்து நிறுத்திரும்ங்க, பாவம், அவருக்கு மீசை அப்படி."

மலர்க்கொடி சிரித்துவிட்டாள். அதற்குள் பரிதி இடுப்பிலிருந்து இறங்கி, மூலையில் இருந்த சிவப்பு பிளாஸ்டிக் வாளிக்குள் உட்கார்ந்துகொண்டாள். பஸ் ஓட்டுகிற பையன் வந்து, "டிக்கெட்," என்றான். பரிதி அவன் நீட்டிய கையில் தன் செருப்பைக் கொடுத்தாள். பையன் வாங்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டினான்.

மனசு அங்கேயே பாதி முடிவாகிவிட்டது. மற்ற பாதி ஏழு மணி வீடியோ காலில் கெட்டது.

தமிழ்மாறன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். அவன் எப்போதுமே பொறுமைக்காரன்தான், கவலைக்காரனும்கூட. ஊரில் தூறல் விழுந்தால் மஸ்கட்டில் அவனுக்குச் சளி பிடிக்கும்.

"சம்பளம் பன்னெண்டாயிரத்து ஐநூறு. சரி. காப்பகம் அஞ்சாயிரம் போச்சு. பால், டயபர்?"

"ரெண்டாயிரம் வைங்க."

"காலைல டவுன் பஸ் நேரத்துக்கு இருக்கா?"

"வர்றப்ப இருக்கு, பொம்பளைங்களுக்குக் காசு கெடயாது. போறப்ப பிள்ளயத் தூக்கிக்கிட்டு ஷேர் ஆட்டோதான்."

"அது ஒரு ஆயிரத்து ஐநூறு. அப்புறம் ஒனக்கு டீ, மத்தியானச் சாப்பாடு, நல்ல நாள்னா ஆபீஸ்ல கலெக்‌ஷன்... மூவாயிரத்துச் சொச்சம் நிக்கும் மலரு." அவன் குரலில் கேலி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "மூவாயிரத்துக்காகப் பிள்ளய யார் வீட்டுலயோ விட்டுட்டு ஓடணுமா? அந்த மூவாயிரத்த நான் சேத்து அனுப்புறேன். ஓவர்டைம் இருக்கு. நீ நிம்மதியா வீட்டுல இரு."

திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தங்கமாகப் பேசுகிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? மலர்க்கொடி, "சரிங்க, பாப்போம்," என்று சொல்லிவிட்டு போனைப் பரிதியிடம் கொடுத்தாள். பரிதி திரையில் அப்பாவின் மூக்கை நக்கினாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் அந்தக் கணக்கை மறுபடி மறுபடி போட்டாள். சம்பளத்திலிருந்து காப்பகத்தைக் கழித்தால் என்ன வருமோ அதுதான் வந்தது. பி.காம். படித்தவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. மூவாயிரத்துக்கு யாராவது வேலைக்குப் போவார்களா? போகமாட்டார்கள். அப்படியானால் பாய்க்கு வரவில்லை என்று சொல்லிவிடாமல் ஏன் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்?

சனிக்கிழமை வந்தது. கபீர் பாய்க்கு சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்கு அம்சத்தின் செட்டு வேலை முடிந்து வீட்டு வாசலில் வந்து இறங்கியது. சனிக்கிழமை என்றால் கூலி பிரிப்பு அங்கேதான். அன்றைக்குத் தெற்குவெளியில் ஒருவருடைய வயலை மொத்தமாகப் பேசி நட்டிருந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்த கால்களோடு பதினெட்டுப் பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பணத்தை எண்ணிப் பிரித்துக் கொடுப்பது மலர்க்கொடியின் வேலை. அம்சம் பேரம் பேசுவதில் புலி. சில்லறை என்றால் தலைவலி வந்துவிடும்.

"பதினெட்டுப் பங்கு, ஆளுக்கு அறுநூத்தி எழுவது," என்று மலர்க்கொடி ஒவ்வொருவர் கையிலும் வைத்துக்கொண்டே வந்தாள்.

செவ்வந்தியின் முறை வந்தபோது ஒரு குரல் குறுக்கே வந்தது. "அக்கா, ஒரு நிமிசம்."

பிரதீபா. வேளாங்கண்ணிப் பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண். போன வைகாசியில்தான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். நடவு அவளுக்கு இதுதான் முதல் சீசன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான் தப்பாக் கேக்கல. காலைலேந்து குனிஞ்ச முதுகு இன்னும் நிமிரல. செவ்வந்தி அக்கா இன்னிக்கு வயல்லயே எறங்கல. மோட்டார் கொட்டாயில நாலு பிள்ளைங்கள வெச்சுக்கிட்டுக் கதை சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கும் அதே அறுநூத்தி எழுவதா?"

"ஆமா," என்றாள் அம்சம், வெற்றிலையை மடித்துக்கொண்டே. "இன்னிக்கு அவ மொற. நாளான்னைக்கு வேற ஒருத்தி."

"சரி, குடுங்க. வேணாங்கல. ஆனா அத பிள்ளக்காரிங்க நாலு பேரு கூலிலேந்து எடுத்துக் குடுங்களேன். என் பங்குலேந்து ஏன் போவுது? எனக்குத்தான் புள்ளயே இல்லயே!"

"அதுக்கு எங்கள ஏன்டி கேக்குற, போயி ஒம் புருஷனக் கேளு!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, வேப்பமரமே குலுங்கியது. பிரதீபாவும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் உட்காரவில்லை. "சிரிங்க சிரிங்க. எனக்கு பதில் சொல்லிட்டுச் சிரிங்க. எங்க ஊர்ல மீன் கூடை எறக்குனவளுக்குக் கூலி, எறக்காதவளுக்குக் கெடயாது."

செவ்வந்திக்குச் சுருக்கென்றது. "நாலு பிள்ளயும் நாலு தெசைக்கு ஓடுச்சுடி. ஒண்ணு வாய்க்காலப் பாத்து, ஒண்ணு மோட்டார் வயரப் பாத்து. நீ வந்து ஒக்காந்து பாரு, நான் குனிஞ்சு நடுறேன்."

பேச்சு சூடாவதற்குள் மலர்க்கொடி நடுவில் புகுந்தாள். முன்வயல்காரரையும் பின்வயல்காரரையும் சமாதானம் செய்த வாய் அது, சும்மா இருக்குமா?

"பிரதீபா, நான் சொல்றதக் கேளு. பிள்ள அழுதா என்ன ஆவும்?"

"பெத்தவ கரையேறிப் போவா."

"போனா வரிசையில ஒரு ஆளு கொறையும். அவ பத்திய யாரு நடுவா?"

"பக்கத்துல இருக்குறவ."

"பக்கத்துல இருக்குறது நீதான். பொழுது சாய்றதுக்குள்ள முடியலன்னா நாளைக்கும் அதே வயலுக்கு வரணும், யாருக்கும் கூலி கூடுதலா வராது. நட்டது பதினேழு பேருன்னு பாக்காத. செவ்வந்தி அக்கா பிள்ளைங்களப் பாத்ததாலதான் பதினேழு பேரும் கரையேறாம நட்டீங்க. அதும் நடவுல ஒரு வேலதான். வேல எல்லாருக்கும் பொதுவா நடக்குது, வர்ற காச எல்லாரும் எடுத்துக்குறோம். அப்புறம் பிள்ள பாக்குற கூலிய மட்டும் பெத்தவ தலைல எப்படிக் கழிக்கி..."

மலர்க்கொடி நின்றுவிட்டாள். கையில் செவ்வந்தியின் பணம். வாய் திறந்தபடியே இருந்தது.

"என்னா, பாதியில நின்னுட்ட? சார்ஜ் தீந்துருச்சா?" என்றாள் அம்சம்.

மலர்க்கொடி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. பிரதீபா பயந்து போனாள். "அக்கா, நான் சும்மாத்தான் கேட்டேன். செவ்வந்தி அக்காவுக்கே குடுத்துருங்க. வேணும்னா நாளைக்கு நானே பிள்ள பாக்குறேன்!"

"வாயால கெட்டா பாரு!" என்றது கூட்டம். அப்படித்தான் அடுத்த நடவு நாளின் பிள்ளை பார்க்கும் முறை பிரதீபாவுக்குப் போனது. (பிள்ளை பார்த்த அன்று சாயங்காலம் அவள் செவ்வந்தியிடம், "அக்கா, எனக்கு நடவே போதும்," என்று சொன்னது தனிக்கதை.)

பெண்கள் கலைந்ததும் மலர்க்கொடி புருஷனுக்கு போன் அடித்தாள். அங்கே அப்போதுதான் வேலை முடிந்து, சட்டையெல்லாம் தூசியோடு கம்பெனி வேனில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மலரு, இந்நேரத்துக்கு? பாப்பாவுக்கு எதும்...?"

"பாப்பா நல்லா இருக்கா. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. நீங்க மஸ்கட்டுல வேல பாக்குறப்ப பரிதிய யாரு பாத்துக்குறா?"

"நீதான்."

"அதுக்கு ஒங்க சம்பளத்துலேந்து மாசம் எவ்வளவு கழிக்கிறீங்க?"

திரை அசையாமல் நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தாள். இல்லை, அவன் கண் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தான்.

"அது எப்படி... நீ வீட்டுல இருக்க..."

"நான் இருந்தா காசில்ல, சரி. நான் வேலைக்குப் போனா மட்டும் முழுக் காசும் என் சம்பளத்துலேந்தா? பரிதி எனக்கு மட்டுமா பொறந்தா? ஒங்க சம்பளம், என் சம்பளம், அத்த பங்கு, மாமா பாலுக் காசு, எல்லாம் சேந்துதான இந்த வீடு ஓடுது? காப்பகத்துக் காசும் அந்த மொத்தத்துலேந்து போவட்டும். அப்பக் கணக்குப் போட்டுப் பாருங்க, எனக்கு மூவாயிரந்தான் நிக்குதான்னு."

"பதில் சொல்லுடா!" என்று அடுப்படியிலிருந்து அம்சம் கத்தினாள். மகனைச் சிக்கவைப்பதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

"அத்த, நீங்களும்தான்," என்றாள் மலர்க்கொடி.

"நானா? நான் எதுக்குடி?"

"நீங்க நடவுக்குப் போறப்ப பரிதி ஒங்க இடுப்புலயா இருந்தா?"

கரண்டியோடு அம்சம் வெளியே வந்தாள். பதினெட்டுப் பேருக்கு அந்தச் சட்டத்தைப் போட்டு இருபது வருடமாக நடத்துகிறவள். அதை இல்லை என்று இப்போது எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் முன்னால் பிரதீபா கேட்டதைத் தானும் கேட்டால் ஊர் சிரிக்கும்.

"நல்லாத்தான் மடக்குற," என்றாள். பிறகு பேரத்தில் இறங்கினாள். "குடுக்குறேன். ஆனா சும்மா இல்ல. ஒம் பாய் மிஷின் நடுற வயல்ல மூலை வேலை எல்லாம் எஞ் செட்டுக்குத்தான் வரணும். வேற செட்டக் கூப்புட்ட, அடுப்படியில ஒனக்கு சோறு கெடயாது."

"பால நான் குடுத்துடுறேன்," என்றார் சாமிதுரை கொட்டகையிலிருந்து. "காசு கேக்காதீங்க. மாடு குடுக்கும், நான் கறப்பேன்."

தமிழ்மாறன் வேன் ஜன்னலில் தலையைச் சாய்த்தான். வெளியே வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில், "காசுக்காக இல்ல மலரு," என்றான். "அவளுக்கு என் மூஞ்சி போன்லதான் தெரியும். இப்ப ஒன் மூஞ்சியும் சாயங்காலந்தான்னு ஆயிட்டா... அழுவாளே. அதான்."

இதைத்தான் இவர் அன்றைக்கு மூவாயிரம், மூவாயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாரா? மலர்க்கொடிக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அழுவா," என்றாள். "ஒரு வாரம் அழுவா. நீங்க மொத தடவ கெளம்பிப் போனப்ப நான் எவ்வளவு நாள் அழுதேன் தெரியுமா?"

"எவ்வளவு நாள்?"

"சொல்ல மாட்டேன். ஆனா நின்னுச்சுல்ல? எப்ப நின்னுச்சு? பாய் கடைக்குப் போனப்பறந்தான்."

வேனில் பின்சீட்டில் இருந்தவன் ஏதோ கேட்க, தமிழ்மாறன் திரும்பி, "ஒண்ணுமில்ல, வீட்ல," என்றான். பிறகு போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். "முழு அஞ்சாயிரமும் நானே குடுத்துடுறேன்."

"வேணாம். ஒரு பங்கு குடுங்க போதும்."

"அந்த இர்ஃபானாம்மா வீட்டுல கேமரா இருக்கா?"

"மீசை இருக்கு," என்று சொல்லிவிட்டு, அவன் முழிப்பதற்குள் மலர்க்கொடி அழைப்பை முடித்து, கபீர் பாய் நம்பரை அழுத்தினாள்.

திங்கட்கிழமை காலை இர்ஃபானாவின் வாசலில் பரிதி நிஜமாகவே அழுதாள். அழுதாள் என்றால் தெரு திரும்பிப் பார்க்கிற அழுகை. இர்ஃபானா அவளை வாங்கிக்கொண்டு, "போங்க, திரும்பிப் பாக்காதீங்க. நீங்க நின்னா அவளும் நிப்பாட்ட மாட்டா," என்றாள். மலர்க்கொடி திரும்பிப் பார்க்காமல்தான் போனாள். தெருமுனை டீக்கடையின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு இர்ஃபானாவிடமிருந்து ஒரு படம் வந்தது: பரிதி கையில் பிஸ்கட், கன்னத்தில் காய்ந்த கண்ணீர். அதே படம் மஸ்கட்டுக்கும் போயிருக்கிறது. பதினொரு மணிக்கு இர்ஃபானாவே போன் செய்தாள். "ஏங்க, ஒங்க வீட்டுக்காரரு இதுவர ஏழு மெசேஜ். 'சாப்பிட்டாளா', 'என்ன சாப்பிட்டா', 'ஏன் கொஞ்சமா சாப்பிட்டா'. எனக்கு எட்டுப் புள்ளைங்கதான் கணக்கு, ஒம்போதாவதா அவரையும் சேத்துக்கணுமா?"

"ப்ளாக் பண்ணிடுங்க."

"ஐயோ, பாவம்ங்க. மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு அனுப்புறேன்னு சொல்லியிருக்கேன்."

கடையில் மூச்சுவிட நேரமில்லை. ஒரு நடவு மிஷின் வாய்க்கால் மதகில் மாட்டிக்கொண்டது. ஆத்தூர் டிரைவர் ஒருவன் டீசல் இல்லை என்று பொய் சொல்லிப் பிடிபட்டான். மூலை நடவுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டவருக்கு மலர்க்கொடி கொடுத்த நம்பர் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. கபீர் பாய் மத்தியானம் எட்டிப் பார்த்துவிட்டு, நாலைந்து மாதத்தில் முதல் தடவையாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மலர்க்கொடி காப்பகத்துக்கு ஓடினாள். பரிதி ஹாலின் நடுவில் உட்கார்ந்து, ஒரு டப்பாவை இன்னொரு டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். சிரித்தாள். மறுபடி டப்பாவைப் பார்த்தாள். தூக்கப் போனால் நெளிந்து, "மாட்டே," என்று தரையோடு ஒட்டிக்கொண்டாள்.

"காலைல வரமாட்டேன்னு அழுதா, இப்ப போவ மாட்டேன்னு அழுவுறா," என்றாள் இர்ஃபானா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி. "எனக்கு ஆறு மணிங்க."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மலர்க்கொடி அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குனிந்து பரிதியின் ஒரு காலைப் பிடித்தாள்.

"சொல்லுங்கண்ணே... நாளைக்கே வேணுமா? நாளைக்கு முடியாதுண்ணே."

"மாட்டே," என்றாள் பரிதி.

"ஏம்மா, என் நெல்லு கொட்டுதும்மா!" என்றது போன்.

"கொட்டுதுன்னு தெரியுதுண்ணே. ஒங்களுக்கு முன்னாடி வயல்காரரு வியாழக்கெழம அறுக்குறாரு. அவர நான் புதனுக்கு இழுத்துடுறேன், மிஷின் அப்படியே ஒங்க வயல்ல எறங்கிடும். எனக்கு பத்து நிமிசம் குடுங்க, அவருகிட்டப் பேசிட்டுக் கூப்புடுறேன்." ஒரு செருப்பு மாட்டியாகிவிட்டது. இன்னொன்று டப்பாவுக்குள் இருந்தது. "ஆமாண்ணே, பிள்ளச் சத்தந்தான். எம் பொண்ணு. வேலைக்கு வந்துருக்கா."

அவள் டப்பாவையும் பிள்ளையையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு, நாளைக் காலை டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருவதாக இர்ஃபானாவுக்குக் கையால் ஜாடை காட்டிவிட்டு, முன்வயல்காரரின் நம்பரைத் தேடிக்கொண்டே பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.